வாலைப் பார்த்து ஏமாந்தேன்: பெட்டாவில் ஆண் எது, பெண் எது

பெண் மீன் என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கி வந்த ஒரு மீன், ஒரே இரவில் என் நீல நிற ஆண் பெட்டாவின் வாலைப் பாதிக்கு மேல் கிழித்துப் போட்டிருந்தது. காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் தொட்டியின் அடியில் சின்னச் சின்னத் துணிக் கிழிசல் மாதிரி துடுப்புத் துண்டுகள் கிடந்தன. என் மீன் ஒரு செடிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து போனது. புதுசாக வந்தது நடுத் தொட்டியில் செவுளை விரித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதன் செவுளுக்குக் கீழே கறுப்பாக ஒரு தாடி தொங்கியதை அப்போதுதான் சரியாகக் கவனித்தேன். அது பெண்ணே இல்லை. குட்டை வால் ரகத்தில் ஓர் ஆண்.

அந்தக் காலைக்குப் பிறகு, ஆண் பெண் அடையாளம் உறுதியாகத் தெரியாமல் இரண்டு பெட்டாக்களை ஒரே தண்ணீரில் விடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இதுவரைக்கும் நான் தவறாகப் பார்த்ததும், பிறகு சரியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டதும் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் பலரும் சொல்லும் முதல் அறிவுரையே ("நீள வால் ஆண், குட்டை வால் பெண்") மீனைக் காயப்படுத்துகிற அறிவுரை.

ஏன் என்று சொல்கிறேன். நம்மில் பலர் ஃபைட்டர் மீன் என்று சொல்கிற இந்த பெட்டாவின் சொந்த ஊர் தாய்லாந்தும் அதைச் சுற்றிய பகுதியும். அங்கே நெல் வயல்களிலும் செடிகள் அடர்ந்த ஆழமில்லாத தண்ணீரிலும் வாழும் மீன் இது. தாய் மொழியில் அதன் பெயர் பிளாகாட், அதாவது கடிக்கும் மீன். 2019இல் அந்த நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. விஷயம் என்னவென்றால், காட்டில் இருக்கும் ஆண் பெட்டாவுக்கு வால் நீளமாக இருக்காது. முக்காடு மாதிரி தொங்கும் வெய்ல்டெயில், அரை வட்டமாக விரியும் ஹாஃப்மூன், கிரீடம் மாதிரி முள் முள்ளாக நிற்கும் க்ரவுன்டெயில் எல்லாம் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த ரகங்கள். அந்த நீள வால் ரகங்களில் ஆணுக்குத் துடுப்பு பெரிசு, பெண்ணுக்குச் சின்னது, அது உண்மைதான். ஆனால் பிளாகாட் என்றே இன்று விற்கப்படும் குட்டை வால் ரகத்தில் ஆணும் குட்டை வால்தான். அதே மாதிரி ஹாஃப்மூன் பரம்பரையில் பிறந்த ஒரு பெண்ணின் வால், பிளாகாட் ஆணின் வாலைவிட அகலமாக இருக்கலாம். அதனால் ஒரு ரகத்தின் ஆணை இன்னொரு ரகத்தின் பெண்ணோடு ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் வரும். எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்த ரகத்துக்குள்ளேயே ஒப்பிட வேண்டும்.

எனக்கு நடந்தது இதுதான். வாங்கும்போது மீன் சின்னக் கோப்பையில் இருந்தது. மங்கிய சிவப்பு, துடுப்புகள் மடங்கி உடம்போடு ஒட்டியிருந்தன. பயந்துபோன மீன் அப்படித்தான் இருக்கும், நிறமும் வெளுத்துவிடும். உடம்பில் தலையிலிருந்து வால் வரை படுக்கையாக இரண்டு கறுப்புக் கோடு ஓடியது. "கோடு இருந்தால் பெண்" என்று எங்கேயோ கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு, நான் அதையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டேன். அது தப்பு. படுக்கைக் கோடு பயத்தின் கோடு, ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும், குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் இருக்கும். இனப்பெருக்கத்துக்குத் தயாரான பெண்ணிடம் தெரிவது செங்குத்துக் கோடுகள், முதுகிலிருந்து வயிற்றை நோக்கி இறங்கும் வெளிர் பட்டைகள். அடர்ந்த நிற உடம்பில் அவை நன்றாகத் தெரியும். வெளிர் நிற உடம்பில் தெரியாமலே போகலாம், அதனால் கோடு இல்லை என்பதற்காகப் பெண் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடித் தடுப்பு வைத்து இரண்டையும் இரண்டு நாள் பார்க்கவிட்டேன். இரண்டும் பக்கவாட்டில் நின்று துடுப்பை முழுக்க விரித்து, செவுளைத் திறந்து, கண்ணாடியை முட்டின. ஆசைப்படுகின்றன என்று நினைத்து, தடுப்பை எடுத்துவிட்டேன். இப்போது யோசித்தால் அது ஆணும் ஆணும் நிற்கும் நிலை என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. தயாரான பெண்ணைப் பார்த்த ஆண் முதலில் விரித்துக் காட்டும், பிறகு முட்டைக்காகத் தண்ணீரின் மேல் குமிழி ஊதிக் கட்டிய நுரைக்கூட்டுப் பக்கம் போய்ப் போய்த் திரும்பி வரும், அவளைக் கூப்பிடுகிற மாதிரி. பெண் தலையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, பட்டைகளைக் காட்டி, தடுப்பின் ஓரமாக அவனைப் பின்தொடரும். கொஞ்சம் செவுளை விரிக்கவும் செய்யலாம், ஆனால் விடாமல் முட்டி மோதிக்கொண்டு நிற்காது. இதைப் பின்னால் ஓர் உண்மையான ஜோடியிடம் பார்த்தபோதுதான், முதல் தடவை நான் கண் முன்னால் இருந்ததைப் படிக்கவில்லை என்று புரிந்தது.

வால் கிழிந்த மீன் பிழைத்தது. தனித் தொட்டி, 26, 27 டிகிரியில் சூடான சுத்தமான தண்ணீர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சம் தண்ணீர் மாற்றம், அவ்வளவுதான் செய்தேன். கிழிந்த விளிம்பில் முதலில் கண்ணாடி மாதிரி நிறமில்லாத சவ்வு வளர்ந்தது, அப்புறம் மெதுவாக நீலம் ஏறியது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பழைய அழகு முழுக்கத் திரும்பவில்லை, ஓர் இடத்தில் சுருக்கம் இன்றும் இருக்கிறது.

பல வருடமாக பெட்டா வளர்க்கும் தெரிந்த அண்ணா ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அந்தச் சிவப்பு மீனின் புகைப்படத்தைக் காட்டச் சொன்னார். போனை என் கையில் கொடுத்து, "கட்டை விரலால வாலை மூடிக்கோ. இப்ப மிச்சத்தை மட்டும் பாருடா, என்ன தெரியுது?" என்றார். வாலை மறைத்ததும்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. இன்றும் யார் புகைப்படம் அனுப்பிக் கேட்டாலும் அதைத்தான் முதலில் செய்கிறேன்.

வாலை மூடினால் முதலில் பார்க்க வேண்டியது அடித்துடுப்பு, அதாவது வயிற்றுக்குப் பின்னால் தொடங்கி வால் வரைக்கும் உடம்பின் கீழ் விளிம்பில் ஓடும் நீளத் துடுப்பு. ஆணுக்கு அது முன்பக்கம் குறுகலாகத் தொடங்கி, பின்னால் போகப் போக ஆழமாகி, கடைசியில் கத்தி முனை மாதிரி கூர்மையாக இறங்கும். குட்டை வால் பிளாகாட் ஆணுக்கும் இந்தக் கூர் இருக்கும், அதனால்தான் எனக்கு இது மிகவும் பிடித்த அடையாளம். பெண்ணுக்கு அந்தத் துடுப்பின் கீழ் விளிம்பு ஏறக்குறைய உடம்புக்கு இணையாக நேராக ஓடும், பின் முனையில் பெரிய இறக்கம் இருக்காது. என் சிவப்பு மீனின் படத்தில் அந்தக் கூர் பளிச்சென்று இருந்தது.

அடுத்தது வயிற்றுத் துடுப்பு. செவுளுக்குக் கீழே இரண்டு நூல் மாதிரி தொங்குமே, அது. ஆணுக்கு நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும், பல சமயம் நுனியில் வெள்ளையோ வேறு நிறமோ இருக்கும். பெண்ணுக்கு மெல்லியது, குட்டையானது. முதுகுத் துடுப்பும் இப்படித்தான், ஆணுக்கு அகலம் அதிகம். ஆனால் நான் அதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை, ரகத்துக்கு ரகம் மிகவும் மாறுகிறது.

தாடி பற்றிச் சொன்னேன். செவுள் மூடிக்கு உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது. மீன் கோபத்தில் செவுளை விரிக்கும்போது அது வெளியே வரும். ஆணுக்கு அது பெரிசு, விரிக்காதபோதுகூட மூடியின் ஓரத்தில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பெண்ணுக்கும் உண்டு, ஆனால் சின்னது, விரித்தால்கூட சில பெண்களிடம் தெரிவதே இல்லை. இதைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியைத் தொட்டிக்கு வெளியே வைத்தால் போதும், மீன் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து விரிக்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், மீன் களைத்துப் போகும். பெண்ணும் விரிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். விரிக்கிறது, அதனால் ஆண் என்று முடிவு கட்டி, நல்ல பெண் மீன் ஒன்றை ஆறு வாரம் ஆண் என்று நினைத்து வளர்த்தவன் நான். கையில் போனை வைத்துக்கொண்டு வீடியோ எடுத்துவிடுங்கள், பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

இனி முட்டைப் புள்ளி. பெண்ணின் வயிற்றுக்கு அடியில், வயிற்றுத் துடுப்புக்கும் அடித்துடுப்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவில், ஓர் உப்புத் துகள் அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். முட்டை வெளியே வரும் குழாயின் நுனி அது. பக்கவாட்டில் மீன் நகர்ந்துகொண்டே இருக்கும்போது இதைத் தேடிக் கண் வலிக்கத் தேவையில்லை. தொட்டியின் முன் கண்ணாடியை ஒட்டி ஓர் உணவுத் துகளைப் போடுங்கள், நீங்கள் முழங்காலிட்டு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். மீன் அதை எடுக்க மேலே வந்து உடம்பைச் சாய்க்கும். அந்த ஒரு நொடியில் வயிறு முழுசாகத் தெரியும். முதன்முதலாக அந்தப் புள்ளியை அப்படிப் பார்த்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவ்வளவு நாள் தேடியது ஒரு துகள் உணவில் கிடைத்துவிட்டது.

ஆனால் இந்தப் புள்ளியையும் தனியாக நம்பக் கூடாது. இளம் ஆண் மீன்களுக்கும் அதே இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று தெரியும், வளர வளர மறைந்துவிடும். அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இது: நன்றாக வளர்ந்த மீனில் புள்ளி இருந்து, அடித்துடுப்பும் நேராக இருந்தால் பெண். குட்டி மீனில் புள்ளி மட்டும் இருந்தால் எதுவும் சொல்ல மாட்டேன்.

குட்டிகளுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது, எனக்கு எல்லாவற்றிலும் அதிகமாகப் பிடித்தது இதுதான். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, மீனை ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் விட்டு, பின்னாலிருந்து போனின் டார்ச் வெளிச்சத்தை அதன் உடம்பு வழியாகப் பாய்ச்ச வேண்டும். வெளிச்சம் கண்ணில் நேராகப் படக் கூடாது, சில நொடிகள் போதும். வெளிர் உடம்பு உள்ள மீன் என்றால் உள்ளே இருப்பது ஏறக்குறைய அப்படியே தெரியும். முன்னால் குடலும் வயிறும் கறுப்பாக ஒரு திட்டு. அதற்குப் பின்னால் காற்றுப் பை பளபளப்பாக. பெண்ணாக இருந்தால், அந்தக் காற்றுப் பைக்குக் கீழே மஞ்சளாக ஒரு முக்கோணம் தொடங்கி, வால் பக்கமாகக் கூர்ந்துகொண்டே போகும். அதுதான் முட்டைப் பை. ஆணுக்கு அந்த இடத்தில் அந்த மஞ்சள் முக்கோணம் இருக்காது, ஒளி அப்படியே ஊடுருவி வரும். இரண்டு மாதக் குட்டியில்கூட இதைப் பார்த்திருக்கிறேன், துடுப்புகள் எதுவும் சொல்லாத வயது அது. கரு நீலம், கறுப்பு மாதிரி அடர்ந்த உடம்பு என்றால் இந்த வழி உதவாது.

வயிறு உப்பலாக இருந்தால் பெண் என்பதும் பலர் சொல்வது. மேலே இருந்து பார்த்தால் பெண் தலைக்குப் பின்னால் அகலமாகவும், ஆண் நீளமாக ஒல்லியாகவும் இருக்கும், சரிதான். ஆனால் அதிகம் தின்ற ஆணும் உப்பலாகத்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு நாள் உணவு நிறுத்திவிட்டுப் பாருங்கள். சாப்பாட்டு வயிறு இறங்கிவிடும், முட்டை வயிறு இறங்காது.

நுரைக்கூடு கட்டினால் ஆண் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பெரும்பாலும் ஆண்தான் கட்டும். தண்ணீரின் மேல் மட்டத்தில் வாயால் குமிழி ஊதிச் சேர்த்து, முட்டைகளை அதில் வைத்து, பொரித்த குஞ்சு கீழே விழுந்தால் வாயால் எடுத்துத் திரும்ப மேலே வைப்பதெல்லாம் தகப்பன் வேலை. ஆனால் என்னிடம் இருந்த ஒரு பெண் மீன், முட்டைகூடப் போட்ட மீன், அவ்வப்போது சின்னதாக ஒரு கூடு கட்டி வைக்கும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு தடவை தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களைக் கூட்டமாக வளர்க்கலாம் என்று கேள்விப்பட்டு, ஐந்து இளம் பெண்களை ஒரே பெரிய தொட்டியில் விட்டேன். செடிகள் நிறைய, ஒளிய இடமும் நிறைய. ஐந்தையும் சோதித்துத்தான் விட்டேன், ஆனால் அவற்றின் வயது மூன்று மாதத்துக்கும் குறைவு. ஐந்தாவது வாரம் ஒன்றின் அடித்துடுப்பு நீண்டது. மறு வாரம் தாடி எட்டிப் பார்த்தது. அதற்குள் மற்ற நான்கில் இரண்டின் துடுப்பு கடிபட்டிருந்தது. அந்த மீன் கூட்டத்தில் சின்னதாக, அடங்கிப் போய்த் துடுப்பை மடக்கிக்கொண்டு இருந்த மீன். அடங்கிய இளம் ஆண், பெண் மாதிரியே தெரிகிறது.

இதை நானே குஞ்சு வளர்த்தபோது திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரே ஈட்டில் பொரித்த குஞ்சுகளில் இருபதை ஏழாவது வாரத்தில் பார்த்து, ஆண், பெண் என்று ஊகித்து எழுதி வைத்தேன். மூன்றரை மாதத்தில் பார்த்தால் ஐந்தாறு ஊகங்கள் தப்பு, தப்பானவை பெரும்பாலும் "பெண்" என்று எழுதியவை. பெரிய அண்ணன்களோடு இருந்த சின்னத் தம்பிகள் அவை. ஒவ்வொன்றையும் தனி ஜாடியில் வைத்த இரண்டு வாரத்தில் துடுப்புகள் சடசடவென நீண்டு, நிறம் ஏறி, ஆண் என்று தெரிந்துவிட்டது. அதனால் இப்போது சந்தேகமான எந்த மீனையும் இரண்டு வாரம் தனியாக வைத்துவிடுகிறேன். நோய் இருக்கிறதா என்று பார்க்கவும் அந்தத் தனிமை தேவைதான், ஒரே வேலையில் இரண்டும் முடிகிறது.

"நான் வாங்கிய பெண் மீன் ஆணாக மாறிவிட்டது" என்று பலர் சொல்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெட்டாவில் பால் மாற்றம் நடக்கவே நடக்காது என்று இல்லை. முட்டைப் பையை அறுவை செய்து நீக்கிய பெண் மீன்கள் சிலவற்றில் அந்த இடத்தில் விந்தகம் வளர்ந்ததை 1970களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் நம் வீட்டுத் தொட்டியில் நடப்பது வேறு. முதல் நாள் நாம் தப்பாகப் பார்த்திருக்கிறோம், மீன் வளர்ந்து தன்னைக் காட்டுகிறது.

வாங்கும்போது என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: முடிந்தால் துடுப்பு முழு வளர்ச்சி அடைந்த மீனையே எடுங்கள். கோப்பையை உயர்த்தி, கீழிருந்து வயிற்றைப் பாருங்கள். பக்கத்தில் அதே ரக மீன் இன்னொன்றை வைத்து, இரண்டும் விரிக்கின்றனவா, எதற்குத் தாடி வருகிறது என்று அரை நிமிடம் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வாலைக் கட்டை விரலால் மூடுங்கள். குறைந்தது மூன்று அடையாளங்கள் ஒரே பக்கம் சொன்னால்தான் நான் பெயர் வைக்கிறேன். விற்பவர் சொன்னதை அதில் ஒன்றாக எண்ணுவதில்லை, அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக இல்லை, குட்டி வயதில் அவருக்கும் தெரியாது.

ஜோடி சேர்க்க என்றால் உண்மையான பெண்ணாகவே இருந்தாலும் ஆபத்து உண்டு. முட்டையிட்டு முடித்ததும் ஆண் அவளை விரட்டும், உடனே வெளியே எடுக்க வேண்டும். அதனால் சண்டை வந்தது, எனவே இரண்டும் ஆண் என்று சொல்லிவிடவும் கூடாது. முதல் நாளிலிருந்தே தடுப்பும், ஒளிய இடமும், நாம் பக்கத்தில் இருப்பதும் அவசியம். இரவு தூங்கப் போகும்போது சேர்த்துவிட்டுப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்போது என் மேசை மேல் ஒரு ஜாடியில் பதினொரு வாரக் குட்டி ஒன்று இருக்கிறது, வெளிர் சிவப்பு. வயிற்றுக்கடியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது, வயிற்றுத் துடுப்பு மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது, அடித்துடுப்பு நேராகவா சாய்வாகவா என்று சொல்ல முடியவில்லை. நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன், மஞ்சள் மாதிரி ஏதோ தெரிந்தது, குடலா முட்டைப் பையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டு நாள் கழித்து வெறும் வயிற்றில் திரும்பப் பார்க்கப் போகிறேன். ஜாடியில் ஒட்டிய காகிதத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.